ஒப்பார் யார்?

ஆங்கில மொழியில் ‘பியர்’ என்றொரு சொல் உண்டு. சமமானவர், நிகரானவர், ஒத்தவர் என்பது அதன் நேர்ப்பொருள். சமம் என்னும் பொருளுடைய ‘பார்’ என்ற இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்து, பழைய பிரெஞ்சு மொழியின் வழியாக அஃது ஆங்கிலத்தை அடைந்தது. பிறப்பில் இவ்வளவு எளிய அச்சொல் வழக்கில் பல பொருள்களை ஏற்றிருக்கிறது. இங்கிலாந்தில் பட்டம் தாங்கிய பிரபுவுக்கு அது பெயர். கூண்டில் நிற்பவனைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல ஜூரியில் அமர்ந்த கடைக்காரருக்கும் அதுவே பெயர். ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை அச்சேறுமுன் அதனை நிறுத்துப் பார்க்கும் அறிஞரும் ‘பியர்’. ஒத்த வயதில் ஒரே தெருவில் விளையாடும் சிறுவர்களும் ஒருவருக்கொருவர் ‘பியர்’. தலைமைக் கணிப்பொறி எதுவும் நடுவில் இன்றி நேருக்கு நேர் செய்தியைப் பகிர்ந்துகொள்ளும் கணிப்பொறிகளையும் இக்காலத்தார் அச்சொல்லாலேயே சுட்டுகின்றனர்.

சமமானவர் என்று பொருள்படும் சொல், மற்றோரைத் தாழ்ந்தவராகக் கருதிய பிரபுக்களுக்குப் பெயரானது எங்ஙனம்? சொல்லாராய்ச்சியாளர்க்கு மட்டும் உரிய கேள்வியாக இதனை விட்டுவிட இயலாது. சமத்துவம் என்ற சொல்லை மேடையிலும் ஏட்டிலும் நாள்தோறும் வழங்கிவரும் நாமும் இதனைக் கேட்டுப் பார்த்தல் வேண்டும். யாரோடு யார் சமம் என்று கூறாமல் சமம் என்று மட்டும் சொல்வது பாதி வாக்கியமே. மீதிப் பாதியில்தான் நீதியும் அநீதியும் தங்கியிருக்கின்றன.

பிரபுக்களின் சமத்துவம்

இங்கிலாந்தின் பிரபு வகுப்பில் ஐந்து படிகள் உண்டு: டியூக், மார்க்குவிஸ், ஏர்ல், வைகவுண்ட், பாரன். யார் முன் செல்வது, யார் பின் வருவது என்பதற்கும் விதி வகுத்து வைத்தவர்கள் அவர்கள். ஆயினும் ஐவகையினரும் ‘பியர்’களே. எதில் அவர்கள் சமம்? தம் வகுப்பினர் ஒருவர் மீது கொலை, இராஜத்துரோகம் போன்ற பெருங்குற்றம் சாட்டப்பட்டால், அவரை விசாரிக்கும் உரிமை தம் வகுப்பினர்க்கே உண்டு என்பதில் சமம். பிரபுவைப் பிரபுவே தீர்ப்பிடலாம், வேறெவரும் தீர்ப்பிடலாகாது.

1760 ஆம் ஆண்டில் ஏர்ல் பெரர்ஸ் என்பவர் தம் காரியஸ்தரைச் சுட்டுக் கொன்றார். பிரபுக்கள் வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில் கூடி அவரை விசாரித்துக் குற்றவாளி எனக் கண்டனர். அவர் டைபர்ன் என்னுமிடத்தில் தூக்கிலிடப்பட்டார். ஆதலின் இம்முறை எப்போதும் குற்றவாளிகளைக் காத்தது என்று சொல்லுதல் நேர்மையாகாது. எனினும் ஒன்று கவனிக்கத்தக்கது. இறந்துபட்ட காரியஸ்தரின் நிலையில் வாழ்ந்த ஒருவர்கூட அத்தீர்ப்பில் வாய்திறக்க இடமில்லை. கொன்றவருக்கு ஒத்தவர் பலர் அம்மண்டபத்தில் இருந்தனர்; கொலையுண்டவருக்கு ஒத்தவர் எவரும் இலர். பிரபுக்கள் சபை இங்ஙனம் நடத்திய கடைசிக் குற்ற விசாரணை 1935 ஆம் ஆண்டில் நிகழ்ந்தது. 1948 ஆம் ஆண்டின் சட்டம் அவ்வுரிமையை அகற்றியது.

அச்சமத்துவத்தின் வாயில் பெண்களுக்கும் அடைக்கப்பட்டிருந்தது. 1918 ஆம் ஆண்டில் தந்தையின் பட்டத்தை முறைப்படி அடைந்த ரொண்டா சீமாட்டியார், பிரபுக்கள் சபையில் தமக்குரிய இடத்தைக் கேட்டார். பட்டம் உண்டு, இருக்கை இல்லை என்று 1922 ஆம் ஆண்டில் முடிவாயிற்று. ஆயுட்காலப் பிரபுக்களாகப் பெண்கள் முதன்முதல் அச்சபையில் அமர்ந்தது 1958 ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில். அந்த அம்மையார் அதே ஆண்டு ஜூலையில் இறந்துபோனார். பரம்பரைப் பட்டமுடைய பெண்களுக்கு 1963 ஆம் ஆண்டில்தான் வாயில் திறந்தது. 1999 ஆம் ஆண்டின் சட்டம் பரம்பரைப் பிரபுக்களில் 92 பேரை மட்டும் நிறுத்தி மற்றவர்களைச் சபையினின்றும் நீக்கிற்று.

இவ்வரலாற்றால் அறியலாவது யாது? ‘பியர்’ என்னும் சொல் இங்கே ஒரு வட்டத்தை வரைகிறது. வட்டத்தின் உள்ளே இருப்பவர் யாவரும் சமம். வட்டம் எவ்வளவு சிறிதோ, உள்ளே இருப்பவரின் சமத்துவம் அவ்வளவு பெருமை உடையது. வெளியே நிற்பவர் இல்லாவிடில் உள்ளே இருப்பவரின் பெருமைக்கும் பொருளில்லை. எனவே, சமத்துவம் என்ற சொல்லே உயர்வு தாழ்வின் காவலாளியாகப் பணிபுரிய வல்லது.

கூண்டில் நிற்பவனும் ஜூரியில் இருப்பவனும்

அச்சொல்லுக்கு மேன்மையான வரலாறும் உண்டு. 1215 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், ரன்னிமீட் என்னும் புல்வெளியில், ஜான் மன்னனிடமிருந்து அவனுடைய பிரபுக்கள் மாக்னா கார்ட்டா என்னும் சாசனத்தைப் பெற்றனர். சுதந்தர மனிதன் எவனையும் அவனுக்கு ஒத்தோரின் தீர்ப்பினாலோ நாட்டின் சட்டத்தினாலோ அன்றிச் சிறைப்படுத்துவதோ உடைமையைப் பறிப்பதோ கூடாது என்பது அதன் புகழ்பெற்ற 39 ஆம் ஷரத்தின் கருத்து. அரசன் ஒருவனுடைய சினம் ஒரு மனிதனின் வாழ்வை அழித்துவிடலாகாது என்னும் இக்கருத்து உலகின் பல நாடுகளுக்கு வழிகாட்டியது. ஆனால் அந்நாளில் நிலத்தோடு பிணைக்கப்பட்டிருந்த பண்ணையாட்கள் சுதந்தர மனிதராக எண்ணப்படவில்லை. அவர்களுக்கு ஒத்தோரும் இல்லை, ஒத்தோரின் தீர்ப்பும் இல்லை.

ஒத்தோர் தீர்ப்பு ஏன் சிறந்தது? குற்றம் சாட்டப்பட்டவனின் வாழ்க்கையை அவர்கள் அறிவர் என்பது ஒரு காரணம். அதிகாரத்துக்கு அவர்கள் கடமைப்பட்டவரல்லர் என்பது மற்றொன்று. இவ்விரண்டினும் ஆழமான காரணம் ஒன்று உண்டு. இன்று தீர்ப்புச் சொல்பவன் நாளை அதே கூண்டில் நிற்கக்கூடும். இன்று நிற்பவன் நாளை தீர்ப்புச் சொல்லும் இடத்தில் அமரக்கூடும். இவ்வாறு இடம் மாறக்கூடியவர்களே உண்மையில் ஒத்தோர். நான் உன்னைத் தீர்ப்பிடலாம், நீ ஒருபோதும் என்னைத் தீர்ப்பிடலாகாது என்னும் நிலை எங்கு உண்டோ அங்கு ஒப்பு இல்லை; அதற்கு என்ன பெயரிட்டாலும் இல்லை.

இவ்வளவுகோலைக் கையிற்கொண்டு சென்னைக் கோட்டைக்கு வருவோம். ஆங்கிலக் கம்பெனியார் இந்நாட்டில் நடத்திய முதல் ஜூரி விசாரணை 1665 ஆம் ஆண்டில் அங்கே நடைபெற்றது. தம்மிடம் அடிமையாக இருந்த ஒரு பெண்ணைக் கொன்றதாக அசென்ஷியா டாஸ் என்னும் மாது மீது குற்றம் சாட்டப்பட்டது. ஆறு ஆங்கிலேயரும் ஆறு போர்த்துகீசியரும் ஜூரியில் அமர்ந்தனர். அம்மாது விடுதலை பெற்றார். ஜூரியில் இருந்தோர் குற்றம் சாட்டப்பட்டவர்க்கு ஒத்தோர் என்பது உண்மையே. மாண்டுபோன அடிமைப் பெண்ணுக்கு ஒத்தோர் எங்கே? அக்கேள்வி அங்கு எழவே இல்லை.

அமெரிக்க நாட்டின் மிசிசிப்பி மாநிலத்தில் 1955 ஆம் ஆண்டில் இதே கேள்வி மிகக் கொடிய முறையில் எழுந்தது. எம்மட் டில் என்ற 14 வயதுக் கறுப்பினச் சிறுவன் கடத்திக் கொல்லப்பட்டான். குற்றம் சாட்டப்பட்ட வெள்ளையர் இருவரை வெள்ளை ஆண்கள் மட்டுமே அடங்கிய ஜூரி ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் விடுவித்தது. அந்த வட்டாரத்தில் பெருந்தொகையினர் கறுப்பரே. ஆனால் வாக்குரிமையை நடைமுறையில் மறுத்தமையால் ஜூரிப் பட்டியலிலும் அவர்கள் இடம்பெறவில்லை. மறு ஆண்டே அவ்விருவரும் தாங்கள்தாம் கொன்றோம் என்று ஒரு பத்திரிகைக்குப் பணம் பெற்றுக்கொண்டு கூறினர். ஒருமுறை விடுவிக்கப்பட்டவரை அதே குற்றத்துக்காக மீண்டும் விசாரித்தல் ஆகாது என்ற விதி அவர்களைக் காத்தது. ஒத்தோர் தீர்ப்பு என்னும் உயர்ந்த முறையின் வடிவம் முழுவதும் அங்கே இருந்தது. அதன் உயிர் இல்லை.

தொலைவிலிருந்து வந்த ஒத்தோர்

நம் நாட்டிலேயே இச்சொல் எப்படி வேலியாயிற்று என்பதற்கு 1883 ஆம் ஆண்டின் இல்பர்ட் மசோதா சான்றாகும். அக்காலத்தில் கல்கத்தா போன்ற தலைநகரங்களில் இந்திய மாஜிஸ்திரேட்டு ஐரோப்பியக் குற்றவாளியை விசாரிக்கலாம். வெளி ஜில்லாக்களில் விசாரிக்கலாகாது. சிவில் சர்வீஸைச் சேர்ந்த பிகாரி லால் குப்தா இந்த முரண்பாட்டை 1882 ஆம் ஆண்டில் அரசாங்கத்துக்கு எடுத்துக் காட்டினார். தலைநகரில் தமக்கிருந்த அதிகாரம், பதவி உயர்ந்து வெளியூர் சென்றால் போய்விடுகிறதே என்பது அவர் வாதம். ரிப்பன் பிரபு இராஜப்பிரதிநிதியாக இருந்த காலத்தில், சட்ட அங்கத்தினர் இல்பர்ட் இவ்வேற்றுமையை அகற்ற மசோதா கொண்டுவந்தார்.

உடனே கிளம்பிய கூக்குரல் சொல்லி முடியாது. தோட்ட முதலாளிகளும் வணிகர்களும் கூட்டங்கூடி, ஓர் ஐரோப்பியனை இந்தியன் தீர்ப்பிடுவதா என்று முழங்கினர். ஒத்தோரால் விசாரிக்கப்படும் உரிமை ஆங்கிலேயரின் பிறப்புரிமை என்பது அவர்களுடைய வாதங்களுள் ஒன்று. அரசாங்கம் பணிந்தது. 1884 ஆம் ஆண்டில் நிறைவேறிய சட்டப்படி, வெளி ஜில்லாக்களில் ஐரோப்பியக் குற்றவாளி, ஜூரியில் பாதிக்குக் குறையாதவர் ஐரோப்பியராகவோ அமெரிக்கராகவோ இருக்கவேண்டும் என்று கோரலாம்.

‘அமெரிக்கராகவோ’ என்ற அச்சொல்லை வாசகர்கள் ஊன்றி நோக்குதல் வேண்டும். வங்காளத்தில் இருபது ஆண்டுகள் வாழ்ந்த ஓர் ஆங்கிலேயத் தோட்டக்காரனுக்கு, அவனோடு அதே ஊரில் அதே மழையில் நனைந்து அதே சந்தையில் பொருள் வாங்கிய அண்டை வீட்டான் ஒத்தவன் அல்லன். கடல் கடந்து நேற்று வந்து இறங்கிய, அவன் மன்னனுக்குக் குடியும் அல்லாத ஓர் அமெரிக்கன் ஒத்தவன். இங்கே ஒப்புமை வாழ்க்கையைப் பார்த்து வகுக்கப்படவில்லை. தோலைப் பார்த்து வகுக்கப்பட்டது.

இதனினும் வியப்பான செய்தி ஒன்று உண்டு. 1919 ஆம் ஆண்டில் வங்காளத்தைச் சேர்ந்த சத்யேந்திர பிரசன்ன சின்ஹா, ராய்ப்பூர் பாரன் சின்ஹா என்ற பட்டத்துடன் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபையில் அமர்ந்தார். பரம்பரைப் பிரபுப் பட்டம் பெற்று அச்சபையில் இடம்பெற்ற முதல் இந்தியர் அவரே. இலண்டனில் அவர் பிரபுக்களுக்கு ‘பியர்’. அதே ஆண்டில் அவருடைய சொந்த மாகாணத்தில், கூண்டில் நின்ற ஒரு ஐரோப்பியன், தன்னைத் தீர்ப்பிட இந்தியர் பெரும்பான்மையாக அமரலாகாது என்று சட்டப்படி கோர முடிந்தது. ஒருவரை வட்டத்துக்குள் அழைத்துக்கொள்வதனால் வட்டம் அழிந்துவிடுவதில்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? அந்த வேற்றுமைகளின் எச்சம் 1949 ஆம் ஆண்டின் சட்டத்தால்தான் முற்றும் துடைக்கப்பட்டது.

ஒப்பும் ஒப்புதலும்

இனி ஒரு தடையைக் கவனிப்போம். மனிதர் உண்மையில் சமமானவர் அல்லரே. உடல் வலியிலும் அறிவிலும் குணத்திலும் வேறுபடுகின்றனரே. அப்படியிருக்க எல்லாரும் ஒத்தோர் என்பது பொய்தானே என்று சிலர் கேட்கின்றனர். பழைய கேள்வி, எனினும் மறுமொழிக்கு உரியது.

டாக்டர் அம்பேத்கர் 1936 ஆம் ஆண்டில் சாதி ஒழிப்பைப் பற்றி எழுதிய உரையில் இத்தடையை நேரே எதிர்கொண்டார். மனிதர் வேறுபடுகின்றனர் என்பதை அவர் மறுக்கவில்லை. பிறப்பு, வளர்ப்பு, முயற்சி ஆகிய மூன்றாலும் வேறுபாடு விளைகிறது என்று ஒப்பினார். அங்ஙனம் ஒப்பிய பின்பும், சமத்துவம் கற்பனையே ஆயினும் சமுதாயத்தை ஆளும் விதியாக அதனையே கொள்ளவேண்டும் என்று வாதித்தார். தொடக்கத்திலேயே ஒருவனுக்குப் பின்னடைவைக் கொடுத்துவிட்டு, பந்தயத்தில் பின்தங்கினான் என்று அவனை இகழ்வது எவ்வகை நீதி? லாகூரில் அவ்வுரையை நிகழ்த்த அவரை அழைத்த சீர்திருத்தச் சங்கத்தார், அச்சடித்த உரையைப் படித்த பின் சில பகுதிகளை மாற்றும்படி கேட்டனர். அவர் இசையவில்லை, மாநாடே கைவிடப்பட்டது, உரையை அவர் தம் செலவில் வெளியிட்டார். சாதியை ஒழிக்க விரும்பியவர்களும், தம்மைப் பற்றி அவர் கூறும் தீர்ப்பைக் கேட்கும் இடத்தில் அமர இயலாமற் போயினர்.

நம் தமிழ்மொழி இவ்விடத்தில் ஓர் அரிய உண்மையைப் பொதிந்து வைத்திருக்கிறது. ஒப்பு என்றால் சமம். ஒப்பார் என்றால் சமமானவர். அதே அடியிலிருந்துதான் ஒப்புதல் பிறந்தது, ஒப்புக்கொள்ளுதல் பிறந்தது, நம்பி ஒருவர் கையில் ஒன்றை விடுவதாகிய ஒப்படைத்தலும் பிறந்தது. சமமாயிருத்தலையும் இசைந்து ஏற்றலையும் தமிழர் ஒரே வேர்ச்சொல்லால் வழங்கினர். ஒருவன் எனக்கு ஒப்பாவது துலாக்கோலில் நிறுத்துப் பார்த்து முடிவாகும் செய்தியன்று. அவனுடைய சொல்லுக்கு என்மீது உரிமை உண்டு என்று நான் ஒப்பும்போது அவன் எனக்கு ஒப்பாகிறான். ஒப்புதல் இல்லாத ஒப்பு ஏட்டளவில் நிற்கும்.

அறிவுலகத்தின் ஒத்தோர்

அறிவுலகத்தில் இவ்வுண்மை தெளிவாக விளங்கும். அங்கே எல்லாரும் சம அறிவுடையவர் என்று யாரும் கூறுவதில்லை. ஆயினும் கட்டுரை எவருடையதாயினும் ஒத்தோரின் ஆய்வுக்கு அது தலைவணங்கவேண்டும். சான்றும் காரணமும் யார் வாயிலிருந்து வந்தாலும் அவற்றுக்கு எல்லாரும் சமமாகக் கட்டுப்பட்டவர் என்பதே அங்குள்ள ஒப்பு.

1913 ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் சென்னைத் துறைமுக டிரஸ்டில் குமாஸ்தாவாக இருந்த இராமானுஜன், கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். எழுதியவருக்குப் பட்டமில்லை, பதவியில்லை, பரிந்து பேசப் பெரிய இடத்து உறவினரும் இலர். ஹார்டி அக்கடிதத்திலிருந்த சூத்திரங்களைத் தம் நண்பர் லிட்டில்வுட்டுடன் இருந்து ஆராய்ந்து, எழுதியவர் மிக உயர்ந்த கணிதர் என்று தெளிந்தார். 1918 ஆம் ஆண்டில் இராமானுஜன் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். ஹார்டி செய்தது தாழ்ந்த ஒருவரைக் கைதூக்கிவிட்ட கருணைச் செயல் அன்று. குமாஸ்தாவின் கணக்கு தம்மை வியக்க வைத்தது என்று ஒப்பிய நேர்மைச் செயல் அது. கருணைக்கும் ஒப்புக்கும் உள்ள தூரம் பெரிது. கருணை மேலிருந்து இறங்குகிறது. ஒப்பு நேருக்கு நேர் நிற்கிறது.

ஒத்தோர் தம் கடமையில் தவறுவதும் உண்டு. 1935 ஆம் ஆண்டு ஜனவரி 11 ஆம் நாள், இலண்டன் ராயல் வானியல் சங்கத்தில் 24 வயது இளைஞரான சந்திரசேகர், குறிப்பிட்ட எடைக்கு மேற்பட்ட விண்மீன்கள் வெண்குள்ளன் நிலையில் தங்கி ஓய இயலாது என்னும் தம் முடிவை வெளியிட்டார். அக்காலத்தில் வானியலில் பெரும்புகழ் பெற்றிருந்த எடிங்டன் எழுந்து அதனை நகைப்புக்கு இடமாக்கினார். எடிங்டன் கூற்றுப் பிழை என்று தனிமையில் ஒப்பிய பௌதிகப் பேரறிஞர்கள் இருந்தனர். அவர்கள் வெளியில் வாய்திறக்கவில்லை. சந்திரசேகருக்கு நோபல் பரிசு 1983 ஆம் ஆண்டில் கிடைத்தது. எடிங்டனின் ஏளனத்தினும், அறிந்தும் பேசாதிருந்தவரின் மௌனமே நம் சிந்தனைக்கு உரியது. ஒப்பு என்பது உரிமை மட்டுமன்று. உரிய வேளையில் வாய்திறக்கும் கடனுமாகும்.

ஒத்தோரின் கொடுமை

வேறொரு பக்கத்தையும் மறைத்தலாகாது. ஒத்தோர் என்போர் நமக்கு நீதிபதிகளாவது போலவே நமக்கு எஜமானராகவும் ஆகிவிடுவர். அமெரிக்க உளநூலறிஞர் சாலமன் ஆஷ் 1951 ஆம் ஆண்டில் வெளியிட்ட சோதனை இதனை விளக்கும். ஒரு கோட்டைக் காட்டி, அதற்குச் சமமான நீளமுடைய கோடு மூன்றனுள் எது என்று கேட்டார். கண்ணுள்ள எவரும் பிழையின்றிச் சொல்லக்கூடிய கேள்வியே. ஆனால் அறையில் இருந்தவருள் ஒருவரைத் தவிர மற்றவர் யாவரும், முன்னேற்பாட்டின்படி, சில சுற்றுகளில் ஒருமுகமாகத் தவறான விடையைச் சொல்லினர். ஏற்பாட்டை அறியாத அந்த ஒருவர், அச்சுற்றுகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு விடைகளில் தம் கண்ணைக் கைவிட்டுக் கூட்டத்தைப் பின்பற்றினார். அங்கே அதிகாரி இல்லை, தண்டனை இல்லை, தம்மை ஒத்தவர்கள் மட்டுமே இருந்தனர்.

ஆனால் அதே சோதனையில் ஆறுதல் தரும் செய்தியும் உண்டு. கூட்டத்தில் மற்றொருவர் உண்மை விடையைச் சொன்னால் போதும். பிறரைப் பின்பற்றித் தவறும் வழக்கம் பெரிதும் குறைந்தது. பலரின் அழுத்தத்தை முறிக்கப் பலர் வேண்டுவதில்லை. துணை நிற்கும் ஒருவர் வேண்டும். அந்த ஒருவரே உண்மையான ஒப்பார்.

ஊர்தோறும் ஒரு பிரபுக்கள் சபை

இதுகாறும் கூறியவை அயல்நாட்டுக் கதைகள் என்று எண்ணி நாம் அமைதி கொள்ளலாகாது. 1950 ஆம் ஆண்டு ஜனவரி 26 ஆம் நாள் நடைமுறைக்கு வந்த நம் அரசியல் சட்டம், 14 ஆம் விதியால் சட்டத்தின் முன் யாவரும் சமம் என்றது. 17 ஆம் விதியால் தீண்டாமையை ஒழித்தது. 18 ஆம் விதியால், இராணுவச் சிறப்பும் கல்விச் சிறப்பும் தவிர, அரசு பட்டங்கள் வழங்குவதைத் தடுத்தது. ராவ் பகதூர், திவான் பகதூர் முதலிய பட்டங்களுக்கு அத்துடன் இடமில்லாமற் போயிற்று. இங்கிலாந்து இன்றும் வழங்கும் பட்டங்களை நாம் ஒரே விதியால் நீக்கினோம் என்பது பெருமைக்குரியதே.

ஆனால் பட்டமில்லாத பிரபுத்துவம் நம்மிடையே உண்டு. சாதி என்பது யாது? பிறப்பினால் உறுப்பினராகும் ஒரு பிரபுக்கள் சபையே. உள்ளே இருப்போர் யாவரும் தம்முள் சமம். ஒரே பந்தியில் உண்பர். பெண் கொடுத்துப் பெண் கொள்வர். தம் வழக்கைத் தாமே கூடித் தீர்ப்பர். வெளியே நிற்பவன் தீர்ப்புக்கு உட்படலாம். தீர்ப்புச் சொல்ல அமரலாகாது. இங்கிலாந்தில் ஒரு சபை. நம் நாட்டில் ஊர்தோறும் பல சபைகள், ஒன்றன்மேல் ஒன்றாக. அம்பேத்கர் இதனைப் படிப்படியான ஏற்றத்தாழ்வு என்று விளக்கினார். இம்முறையின் சூது யாதெனில், அநேகமாக ஒவ்வொருவனுக்கும் தாழ்த்திப் பார்க்க ஒருவன் கிடைத்துவிடுகிறான். அதனால் மேலே உள்ளவனோடு சமத்துவம் கேட்பவனே, கீழே உள்ளவன் அதனைக் கேட்கும்போது காதைப் பொத்திக்கொள்கிறான்.

1992 ஆம் ஆண்டின் 73 ஆம் அரசியல் சட்டத் திருத்தம் ஊராட்சித் தலைமையைப் பட்டியல் சாதியினர்க்கும் பெண்களுக்கும் ஒதுக்கியது. அதன் பின் மதுரை மாவட்டத்தில் நிகழ்ந்தவை எல்லாரும் அறிந்தவையே. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊராட்சிகளில் 1996 முதல் ஏறத்தாழப் பத்தாண்டுக் காலம் தாழ்த்தப்பட்டவர் ஒருவர் தலைவராக நிலைத்திருக்க இயலவில்லை. 2006 ஆம் ஆண்டில்தான் முறையான தேர்தல் நடைபெற்றது. மேலவளவு ஊராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசனும் வேறு ஐவரும் 1997 ஆம் ஆண்டு ஜூன் 30 ஆம் நாள் வெட்டிக் கொல்லப்பட்டனர். 2020 ஆம் ஆண்டில் கடலூர் மாவட்டத்து ஊராட்சி ஒன்றில், தலைவியாயிருந்த தாழ்த்தப்பட்ட வகுப்புப் பெண்மணி கூட்டத்தில் தரையில் அமர, மற்றவர்கள் நாற்காலியில் அமர்ந்திருந்த படம் வெளிவந்தது.

விளையாட்டில் சிறு குழந்தையைச் சேர்த்துக்கொண்டு, அதன் ஆட்டத்தை மட்டும் கணக்கில் எடுக்காமல் விடுவதை ‘ஒப்புக்குச் சப்பாணி’ என்பது நம் ஊர்வழக்கு. தரையில் அமர்ந்த அத்தலைவிக்குச் சட்டம் ஒப்பைக் கொடுத்தது. ஊர் ஒப்புதலைக் கொடுக்கவில்லை. சட்டம் நாற்காலியை ஒதுக்கலாம். அதில் அமர்ந்தவரின் சொல் தன்மீதும் செல்லும் என்று ஒப்புவது அண்டை வீட்டாரின் மனம். அம்மனம் இல்லாத இடத்தில் மேலவளவின் குருதியும் சிந்தும், கடலூரின் தரையும் காத்திருக்கும்.

ஆதலின் சமத்துவத்தில் நமக்கு நம்பிக்கை உண்டா என்று சோதிக்க விரும்புவோர், யார் யாருடன் நான் சமம் என்று கேட்டுப் பயனில்லை. அதற்கு யாவரும் மேல்நோக்கியே விடை சொல்வர். கேட்கவேண்டியது வேறு. யார் என்னைத் தவறு என்று சொன்னால், அவர் யார் என்று பாராமல், அவர் சொன்னது உண்மையா என்று மட்டும் நான் பார்ப்பேன்? வீட்டில் வேலை செய்யும் அம்மாள் நம் நடத்தையில் ஒரு குற்றத்தைச் சுட்டினால், அதனைக் குற்றமாகக் கேட்கிறோமா, துடுக்காகக் கேட்கிறோமா? தெருவைத் துப்புரவு செய்பவர் நம் பழக்கத்தைக் கண்டித்தால், நாணுகிறோமா, சினக்கிறோமா? அலுவலகத்தில் இளையவர் ஒருவர் நம் கணக்கைத் திருத்தினால், கணக்கைப் பார்க்கிறோமா, அவர் குலத்தை விசாரிக்கிறோமா? மனைவியின் சொல் வீட்டின் தீர்ப்பில் எவ்வளவு நிறை பெறுகிறது?

1973 ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தோடு ஜூரி முறை நம் நீதிமன்றங்களினின்றும் மறைந்தது. ஆயினும் ஒருவரையொருவர் தீர்ப்பிடும் தொழிலை நாம் விட்டுவிடவில்லை. திண்ணையிலும் தேநீர்க் கடையிலும் பள்ளியிலும் அலுவலகத்திலும் அது நாள்தோறும் நடைபெறுகிறது. பிறரைத் தீர்ப்பிடும் இடத்தில் நாம் அமர்வது எளிது. நம்மைத் தீர்ப்பிடும் இடத்தில் யார் யாரை அமர ஒப்புகிறோம் என்று எண்ணிப் பார்த்தால், அத்தொகையே நம் உள்ளத்திலுள்ள சமத்துவத்தின் அளவு.